ஆச்சியின் இரண்டு குரல்

எங்கள் ஆச்சிக்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று பகலுக்கு, ஒன்று ராத்திரிக்கு. பகல் குரலை 2001 டிசம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு பல் டாக்டரம்மா செய்து கொடுத்தார். ராத்திரிக் குரல் அதற்கும் முந்தியது. இன்றைக்கு இரண்டுமே இல்லை. பகல் குரலாவது ஒரு கல்யாண வீடியோவில் நாலு வார்த்தை கிடக்கிறது. ராத்திரிக் குரல் எதிலும் பதிவாகவில்லை. பக்கத்தில் படுத்து அதைக் கேட்டது நானும் தம்பியும் மட்டும்தான்.

நான் இப்போது இருப்பது கால்கரியில். பனி பெய்கிற ராத்திரியில் இந்த ஊரில் சத்தம் என்று ஒன்றுமே இருக்காது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, வெதுவெதுப்பான அறை, நல்ல மெத்தை. வந்த புதிதில் இந்த அமைதியைப் பெரிய கொடுப்பினை என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். இப்போது அதே அமைதியில்தான் தூக்கம் கலைந்து படுத்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படித்தானா, தெரியவில்லை. எனக்கு ஊர் முதலில் காதுக்குள்தான் வருகிறது.

பள்ளிக்கரணையில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் சதுப்பு நிலம் தொடங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் தவளைகள் ஆரம்பிக்கும். ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாத அளவுக்கு, சுவரெல்லாம் அதிர்கிற மாதிரி, விடியும்வரை. கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி திடீரென்று ஒரு கத்துக் கத்தும். தாம்பரம் போகிற கடைசி 51-ஆம் நம்பர் பஸ் மெயின் ரோட்டில் கியர் மாற்றுவது வீட்டுக்குள் கேட்கும். காற்று திரும்பினால் பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகை வரும். அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், அந்தக் கொண்டி விழுகிற சத்தம். 2022-இல் அந்தச் சதுப்பு நிலத்தை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், 1,247 ஹெக்டேர். செய்தியை இங்கே ரயிலில் போகும்போது படித்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாய் வந்தது. யாரிடம், என்னவென்று சொல்வது? அது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் என்றா?

அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், பாயில், எனக்கு ஒரு கை தூரத்தில் ஆச்சியின் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும்.

*

நாங்கள் நாசரேத்துக்காரர்கள். திருச்செந்தூர்ப் பக்கத்து நாசரேத். அப்பா அங்கே மர்காஷிஸ் பள்ளியில் படித்துவிட்டு, பெருங்குடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். தாத்தா இறந்தபிறகு, 1996-இல், ஆச்சி ஒரு டிரங்குப் பெட்டியோடும் பைபிளோடும் எங்களிடம் வந்து சேர்ந்தாள். வரும்போதே வாயில் பல் இல்லை. எல்லாம் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தும், ஊரில் பிடுங்கியும் போய்விட்டிருந்தன.

ஆஸ்பத்திரி என்றால் ஆச்சிக்குக் கோயிலுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அவள் பிறந்தது நாசரேத் லூக்கா ஆஸ்பத்திரியில். 1870-இல் டாக்டர் ஸ்ட்ராச்சன் என்ற மிஷனரி தொடங்கியது. லூக்கா வைத்தியர், அதனால்தான் அந்தப் பெயர் என்பாள். நல்ல சமாரியன் கதை நாலு சுவிசேஷத்தில் லூக்கா ஒருவர்தான் எழுதியிருக்கிறார், காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததை மறக்காமல் எழுதினது வைத்தியன் கை என்பாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக மின்சார ரயிலில் தாம்பரம் போவோம். சானடோரியம் ஸ்டேஷன் வந்ததும் எங்கள் தலையை ஜன்னல் பக்கம் திருப்புவாள். காச நோயாளிகளைத் தொடவே பயந்த காலத்தில், 1928-இல், டாக்டர் சவுரிமுத்து இந்தக் காட்டில் அவர்களுக்கென்று ஆஸ்பத்திரி கட்டினார். பிறகு அது சர்க்காருக்குப் போயிற்று. எய்ட்ஸ் நோயாளிகளை மற்ற இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பிய நாளில் அதே ஆஸ்பத்திரிதான் அவர்களைப் படுக்க வைத்துப் பார்த்தது. ஆச்சி அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, “ஸ்தோத்திரம்” என்று முடிப்பாள். பல் இல்லாத வாயில் அந்த ஸ்தோத்திரம் முழுக்க முழுக்கக் காற்றாக வரும். ரயில் புறப்பட்டுவிடும்.

எங்களுக்கு வாய்த்த டாக்டரம்மா எந்த மிஷனையும் சேர்ந்தவர் இல்லை.

டிசம்பர் முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. தம்பிக்கு ஏழு வயது. கடைவாய்ப் பல் சொத்தை, ஈறு வீங்கிக் கன்னம் ஒரு பக்கம் ஏறிவிட்டது. கிராம்பு எண்ணெய்ப் பஞ்சு வைத்துப் பார்த்தோம். சாயங்காலத்துக்குமேல் அவன் அழுகை தாங்க முடியவில்லை. வேளச்சேரி மெயின் ரோட்டில் பல் மருத்துவக் கல்லூரி உண்டு, அங்கே செலவு குறைவு, ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு ஓ.பி. ஏது? அப்பா சட்டைப் பையில் இருநூறு ரூபாய் இருந்தது. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா முன்னால், அம்மா, நான், கடைசியில் கையில் முக்காட்டைப் பிடித்தபடி ஆச்சி. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் மருந்துக்கடையை ஒட்டி ஒரு சின்ன கிளினிக். ஒரே ஒரு நாற்காலி. வெளியே மரப்பெஞ்சு.

டாக்டரம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். தலையைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணி. முஸ்லிம். பெயர் எனக்குத் தெரியும், எழுதவில்லை. லூக்கா அந்தச் சமாரியனின் பெயரை எழுதவில்லையே.

உள்ளே தம்பி வாயைத் திறக்க மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தான். வெளியே பெஞ்சில் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தாள். மெதுவாக ஜெபிக்க ஆச்சிக்கு வராது. தேவனே என்பது ‘ஏஅனே’ என்று வந்தது. கர்த்தாவே என்பது பாதியில் கரைந்தது. ஏசப்பா மட்டும் தெளிவாக வந்தது. ஏசப்பா, ஏசப்பா, பிள்ளைக்கு நோவெடுக்கு அப்பா. அந்தச் சத்தம் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். தம்பி அழுகை நின்றது. பழகின குரல் அவனுக்கு.

வேலை முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். அப்பாவிடம் மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு ஆச்சி முன்னால் வந்து நின்றார்.

“பாட்டி, பல் போய் எத்தனை வருசம் ஆச்சு?”

“அது ஆச்சும்மா ஏழெட்டு வருசம்.”

“சாப்பாடெல்லாம்?”

“குழைய வடிச்சிக் குடுக்கா மருமவ. எனக்கு என்னம்மா குறை?”

டாக்டரம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எங்க உம்மாவும் கடைசில இப்படித்தான் துஆ கேக்கும்” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் உம்மாவைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஆச்சியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்து, ஈறை விரலால் தடவிப் பார்த்தார். அப்பா எழுந்து பையைத் தொட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “டாக்டரம்மா, இப்போதைக்கு நம்மால…” என்று இழுத்தார்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. லேபுக்கு மட்டும் தொள்ளாயிரம் ஆகும். அதை நீங்க குடுங்க. முடிஞ்சப்போ முடிஞ்சதைக் குடுங்க.”

மொத்தத்தையும் வேண்டாம் என்றிருந்தால் அப்பா வந்திருக்க மாட்டார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? வாரம் நூறு ரூபாய் கவரில் போட்டுக் கொடுப்பார். டாக்டரம்மா எண்ணிப் பார்க்காமல் மேசை டிராயரில் வைப்பார். அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா, “எங்களைத் தலைகுனிய விடாம செய்தாங்க ஆண்டவரே, அந்த வீட்டை ஆசீர்வதியும்” என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அப்பா குரல் உடைந்து நான் கேட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

*

ஐந்து தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போனேன். முதல் நாள் ரோஸ் நிற மாவைக் குழைத்துக் கரண்டி மாதிரி ஒரு தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி அச்சு எடுத்தார். மறுதடவை வேறொரு பசையில் இன்னொரு அச்சு. மூன்றாவது தடவை மெழுகைத் திட்டாகக் கட்டிக் கடிக்கச் சொன்னார். நாலாவது தடவைதான் பல்லைக் கண்ணால் பார்த்தோம். மெழுகில் வரிசையாக நட்டு வைத்த பல். உறுதியாகச் செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை. இடம் சரியில்லையென்றால் அன்றைக்குத்தான் மாற்ற முடியும்.

வாயில் பொருத்திவிட்டு டாக்டரம்மா, “ஏதாவது பேசுங்க பாட்டி” என்றார்.

ஆச்சிக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை. மெழுகு வாயோடு கொஞ்சம் விழித்தாள். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

“தேவனே.”

எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து முழுசாக வந்தது. ஆச்சியே திடுக்கிட்டுப் போனாள். டாக்டரம்மா குனிந்து உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல்பல் விளிம்பு கீழுதட்டில் எங்கே படுகிறது என்று பார்ப்பார்களாம். பிறகு ஒருநாள் எனக்கு விளக்கிச் சொன்னார். ‘வ’ சொல்லும்போது அது சரியான இடத்தில் பட வேண்டும். அன்றைக்குப் படவில்லை. கழற்றி, ஸ்பிரிட் விளக்கில் சின்னக் கத்தியைக் காய்ச்சி, முன்பல் இரண்டின் மெழுகையும் இளக்கி, மயிரிழை உள்ளே தள்ளினார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க பாட்டி.”

“தேவனே.”

இன்னும் கொஞ்சம். கத்தி, விளக்கு, மெழுகு வாசம்.

“இன்னொரு தடவை.”

“தேவனே.”

“ஆங். அதுதான்.”

ப்ளஸ் ஒன்னில் எங்கள் தமிழாசிரியர் தொல்காப்பியத்தின் பிறப்பியலை நடத்தினார். மேல்பல்லின் அடியில் நாக்கு நுனி பரந்து ஒற்றினால் தகாரமும் நகாரமும். பல்லும் உதடும் பொருந்தினால் வகாரம். பகாரத்துக்கும் மகாரத்துக்கும் இரண்டு உதடு போதும். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. தேவனே, கர்த்தாவே இரண்டுக்கும் பல் வேண்டும். அப்பாவுக்கு வேண்டாம். அத்தனை வருஷம் ஆச்சி ஏசப்பா, ஏசப்பா என்றே கிடந்தது ஏன் என்று அந்த வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது. பல் முளைக்காத பிள்ளைக்கு வருகிற வார்த்தைதான் அவளுக்கும் மிஞ்சியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் பல் செட் கைக்கு வந்தது. பொருத்தி, கண்ணாடி காட்டி, கடிக்கச் சொல்லிப் பார்த்து, எல்லாம் முடிந்தது. ஆச்சி நாற்காலியைவிட்டு இறங்கவில்லை.

“உனக்காக ஜெபம் பண்ணட்டுமாம்மா?”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றி வைத்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஆச்சி முன்னால் குனிந்தார். நரம்பு தெறித்த அந்தக் கை சாம்பல் நிறத் துணிமேல் இருந்ததை இந்த நிமிஷமும் பார்க்கிறேன். ஆச்சி சொன்னது நீளமான ஜெபம் இல்லை. முடிந்ததும் நாங்கள் ஆமென் என்றோம். அவர் ஆமீன் என்றார்.

அந்த வருஷம் ஆச்சி தன் கையால் பிடித்த முந்திரிக்கொத்தைத் தானே கடித்துத் தின்றாள். அதற்கு முன்பெல்லாம் டீயில் ஊறப்போட்டுத்தான். நாங்கள் சுற்றி உட்கார்ந்து அந்தக் கடக்முடக்கைக் கேட்டோம். ஒரு தூக்குவாளியில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கிளினிக்குக்குப் போயிற்று. பெருநாளைக்கு அதே தூக்குவாளி பிரியாணியோடு திரும்பி வந்தது. மூன்று நாலு வருஷம் அந்தத் தூக்குவாளி இப்படிப் போய் வந்துகொண்டிருந்தது. மூடியில் ஒரு நசுங்கல் இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஆச்சியின் புதுக்குரல் எல்லோருக்கும் கேட்டது. திருத்தமான, கொஞ்சம் கடினமான குரல். எல்லோருக்கும் சந்தோஷம். பதினோரு வயதுப் பிள்ளையாக எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ தொலைந்துபோன மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்ல வெட்கம்.

ராத்திரி பார்த்தால் தொலையவில்லை. படுக்கும் முன் ஆச்சி பல் செட்டைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு ஜன்னல் திண்டில் வைப்பாள். க்ளங் என்று ஒரு சத்தம். விளக்கணைந்ததும் பழைய குரல் வரும். கன்னம் ஒட்டி, காற்றும் எச்சிலும் கலந்து, ஏஅனே, ஏசப்பா. சபைக்குச் சொல்கிற பெரிய ஜெபமெல்லாம் பகல் குரலுக்கு. இது எங்கள் பெயர்கள் மட்டும். அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர், தம்பி பெயர், ஊரில் இருக்கிற அத்தை பிள்ளைகள், கடைசியில் அந்த டாக்டரம்மா பெயர். அந்தப் பெயரில் ஒரு தகாரம் உண்டு. அது வராது. வராவிட்டாலும் சொல்லுவாள். வெளியே தவளைகள். என் பெயர் வரும்வரை விழித்திருப்பேன். வந்துவிட்டால் தூங்கிவிடுவேன். கடைசிப் பெயர்வரை கேட்டது சில ராத்திரிகள்தான்.

இப்போது நினைத்தால் அதுதான் ஆறவில்லை. ஏன் தூங்கினேன்?

ஆச்சி 2009-இல் போனாள். பெட்டியில் வைக்கும் முன் அம்மா டம்ளரிலிருந்து பல் செட்டை எடுத்துத் துடைத்து வாயில் பொருத்தினாள். “அத்தை ஆண்டவர்ட்ட நல்லாப் பேசணும்” என்றாள். டாக்டரம்மா அதற்கு ரெண்டு வருஷம் முந்தியே கிளினிக்கைக் காலி பண்ணிவிட்டார். எங்கே போனார் என்று மருந்துக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. செய்தி சொல்ல வழியில்லாமல் போயிற்று. கடைசித் தடவை வந்த தூக்குவாளி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதுவும் இப்போது இல்லை. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நான் இங்கே வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், போன் கிடைக்கவில்லை, மூன்று நாள் பித்துப் பிடித்தவன்போல் இருந்தேன். நாலாம் நாள் அப்பா பேசினார். எல்லோரும் பத்திரம். ஆச்சியின் டிரங்குப் பெட்டி ஊறிவிட்டது. பைபிள் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டன. தூக்குவாளி, டம்ளர் எதையும் காணோம். சதுப்பு நிலத்து இடத்தில் நாம் வீடு கட்டிக்கொண்டோம், அது தன் இடத்தைத் தேடி வந்தது, யாரை நோவது? அப்பாவும் அம்மாவும் இப்போது மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். போனில் பேசும்போது தவளை கேட்கிறதா என்று கேட்பேன். “வண்டிச் சத்தம்தான் கேக்குய்யா” என்பாள் அம்மா.

*

போன மாதம் எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு குறையும் சொல்ல முடியாது. கூரையில் டி.வி., மேலே போர்த்த சூடான போர்வை, ஊசி குத்துவது தெரியாமலிருக்க முதலில் ஒரு தைலம். டாக்டர் சின்னப் பையன், பொறுமையாகச் செய்தான். பத்து நிமிஷம். பணம் இன்ஷூரன்ஸில் போயிற்று. யாரும் யாருக்கும் கடன் இல்லை. வெளியே மைனஸ் பதினெட்டு. காரில் ஏறி உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியைவிட்டு வந்ததும் ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். ஆச்சி பழக்கின பழக்கம். பாதி நாக்கு மரத்திருந்தது. கீழுதடு இருக்கிற இடமே தெரியவில்லை. வாயில் பஞ்சு. தேவனே என்று வாயைத் திறந்தேன். தகாரம் வரவில்லை. வகாரம் காற்றாகப் போயிற்று. ஏஅனே என்று காதில் விழுந்தது.

கையைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டேன்.

மரப்பு இறங்க ரெண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று உள்ளே சொல்லியிருந்தார்கள். கண்ணாடிமேல் பனி படிந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு பெயர்களை ஆரம்பித்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி பெயர். இந்தத் தடவை கடைசிப் பெயர்வரை.